பெரிய நீர்த்தேக்கத்தில் படகில் போய் ட்ரவுட் பிடிப்பது எப்படி: யாழ்ப்பாணத்திலிருந்து போகும் ஒருவருக்குப் பதில்

தம்பி, மற்றவர்களும் விளங்கிக்கொள்வதற்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வருகிற மே மாதம் இங்கிலாந்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறீர்கள். அத்தான் அங்கே ரட்லண்ட் வாட்டர் என்னும் நீர்த்தேக்கத்தில் ஒரு சனி, ஞாயிறுக்குப் படகு பதிவு செய்து வைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் சிறுவயதிலிருந்து தூண்டில் போட்டுப் பழகிய உங்களுக்கு ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பற்றியும், முள்ளில் இறகும் மயிரும் கட்டிச் செய்த பொய் ஈயை எறிந்து பிடிக்கும் ஈத்தூண்டிலைப் பற்றியும் எதுவும் தெரியாது. ஆகவே எதை அறிந்துகொண்டு போக வேண்டும், எதில் கவனமாக இருக்க வேண்டும், ஊருக்குத் திரும்பியபின் வன்னியிலுள்ள இரணைமடுக் குளத்திலும் இந்த மீனை விட்டு வளர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை நிமித்தம் இங்கிலாந்தில் வாழ்ந்த காலத்தில் நான் மிகவும் விரும்பிச் செய்த காரியம் இது என்பதால், சற்று நீட்டியே எழுதுகிறேன்.

நீங்கள் போகும் இடத்தின் அளவை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எம்பிங்கம் என்ற ஊருக்கு அருகே குவாஷ் என்னும் சிற்றாற்றை மறித்து 1970களின் நடுப்பகுதியில் ரட்லண்ட் வாட்டரைக் கட்டினார்கள். அந்தச் சிற்றாறு மட்டும் அதை நிரப்பப் போதாது என்பதால் வெலண்ட், நீன் ஆகிய இரு ஆறுகளிலிருந்தும் தண்ணீரைப் பம்பு செய்து கொண்டுவருகிறார்கள். அது கொள்ளும் நீர் ஏறத்தாழ 124 மில்லியன் கன மீற்றர். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய நமது இரணைமடுவின் கொள்ளளவாக நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த 131 மில்லியன் கன மீற்றருக்கு அது மிக அருகில் வருகிறது. எனவே இரணைமடு அணைக்கட்டில் நின்று மறுகரையைப் பார்த்தவருக்கு அந்தப் பரப்பு புதிதாக இராது. வடிவந்தான் வேறு. கிழக்கே அணை, அங்கிருந்து மேற்கு நோக்கி நீளும் இரண்டு கைகள், அவற்றின் நடுவே ஹாம்பிள்டன் தீபகற்பம் என்று அது அமைந்திருக்கிறது. இந்த வடிவத்தை நினைவில் வைத்திருங்கள், காற்றைப் பற்றிப் பேசும்போது அது பயன்படும்.

குடிதண்ணீருக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்களில் ட்ரவுட் மீன்களை விட்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு பிடிக்க அனுமதிக்கும் வழக்கம் இங்கிலாந்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இருக்கிறது. பிரிஸ்டலுக்கு அருகிலுள்ள பிளாக்டன் 1904இல் மீன்பிடிக்குத் திறக்கப்பட்டது. பின்னர் 1950களில் சியூ வலி, 1966இல் கிராஃபம், அதன்பின் ரட்லண்ட் என்று அந்த வழக்கம் பெருகியது. நீங்கள் பிடிக்கப்போகும் மீன்களில் பெரும்பாலானவை மீன்பண்ணையில் வளர்த்து விடப்பட்ட வானவில் ட்ரவுட். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இந்த மீன், இங்கிலாந்தின் நீர்த்தேக்கங்களில் முட்டையிட்டுப் பெருகுவதில்லை. பழுப்பு ட்ரவுட் அந்த நாட்டுக்கே உரியது. அது கூடுதல் ஆழத்தில் நிற்கும், எளிதில் அகப்படாது.

அனுமதி விடயம் சிறியது, ஆனால் தவறவிடக்கூடாதது. படகுக் கட்டணத்துடன் நீர்த்தேக்கத்தின் அனுமதிச் சீட்டு கிடைத்துவிடும். அது போதாது. பதின்மூன்று வயதும் அதற்கு மேலும் ஆன எவரும் இங்கிலாந்தில் நன்னீர் மீனுக்குத் தூண்டில் போடச் சுற்றாடல் முகவரகத்தின் தூண்டில் உரிமம் வைத்திருக்க வேண்டும். சுற்றுலாவாக வந்தவருக்கும் இதில் விலக்கு இல்லை. ஒருநாள் உரிமமும் உண்டு, இணையத்திலேயே வாங்கலாம். அத்தானிடம் உரிமம் இருப்பது உங்களுக்குச் செல்லாது.

இனி விடயத்துக்கு வருகிறேன். ஈத்தூண்டில் என்றதும் எல்லோரும் எறியும் கைப்பழக்கத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். படகில் போகிறவருக்கு அதை இரண்டாம் இடத்தில்தான் நான் வைப்பேன். காற்று எங்கிருந்து வருகிறது, அது தண்ணீரையும் இரையையும் எந்தக் கரைக்குத் தள்ளியிருக்கிறது, மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்ற மூன்றையும் அறிந்தவர் சுமாராக எறிந்தாலும் மீனோடு வருவார். அழகாக எறியத் தெரிந்தும் காற்றைக் கவனியாதவர் மீனே இல்லாத தண்ணீரில் நாள் முழுவதும் தூண்டிலை இழுத்துக்கொண்டிருப்பார். வாடையும் சோளகமும் கச்சானும் கொண்டலும் பார்த்துத் தொழிலுக்குப் போகும் கரையில் பிறந்த உங்களுக்கு இந்த அறிவு பாதி ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு வேறுபாட்டை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். நமது ஊரில் சோளகம் பிடித்தால் மாதக்கணக்கில் அதே திசையிலிருந்து வீசும், வாடையும் அப்படித்தான். இங்கிலாந்தில் மேற்கிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தாழமுக்கங்கள் கடந்து போவதால், காலையில் தெற்கிலிருந்து வந்த காற்று மத்தியானத்துக்குள் மேற்காகித் திரும்பிவிடக்கூடும். பெரும்பாலான நாட்களில் தென்மேற்கே முதன்மையான திசை. ஆனால் இளவேனிற் காலத்தில் கிழக்கிலிருந்து வரண்ட குளிர்காற்று சில நாட்கள் நிலைத்து வீசுவதும் உண்டு, அந்நாட்களை அங்குள்ள தூண்டிற்காரர் விரும்புவதில்லை. ஆகவே முதல்நாள் இரவில் வானிலை அறிக்கையைப் பார்த்ததோடு நிற்காமல், படகில் இருக்கும்போதும் அரைமணிக்கு ஒருமுறை தலையை நிமிர்த்திக் காற்றைப் பாருங்கள்.

படகு ஓட்டும் முறை உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். நங்கூரம் போட்டு ஓரிடத்தில் நிற்பதைவிட, காற்றோடு மிதந்து போவதே அங்கே முதன்மையான முறை. காற்று வரும் பக்கத்துக்கு இயந்திரத்தில் போய், அங்கே இயந்திரத்தை நிறுத்திப் படகைக் காற்றுக்குக் குறுக்காக விடுவார்கள். அப்படியே விட்டால் படகு வேகமாக அடிபட்டுப் போகும் என்பதால், ட்ரோக் என்று சொல்லப்படும் துணியாலான நீர்ப்பாயைக் காற்று வரும் பக்கத்து விளிம்பின் நடுவில் கட்டித் தண்ணீரில் இறக்குவார்கள். அது தண்ணீருக்குள் குடைபோல விரிந்து படகின் வேகத்தைக் குறைக்கும். நீங்களும் அத்தானும் காற்றுக்கு முதுகு காட்டி அருகருகே இருந்து, படகு போகும் திசையிலேயே முன்னால் எறிய வேண்டும். காற்று உங்களுக்காக நூலைக் கொண்டுபோகும், அதனால் நெடுந்தூரம் எறிய வேண்டியதில்லை. ஆனால் படகு உங்கள் தூண்டிலை நோக்கியே போய்க்கொண்டிருப்பதால் நூல் தொடர்ந்து தளரும். தளர்ந்த நூலில் மீன் கடித்தால் உங்கள் கைக்குத் தெரியாது. ஆகவே படகின் வேகத்துக்குச் சமமாக நூலை எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் எவ்வளவு இழுக்க வேண்டுமோ அவ்வளவு இழுப்பதுதான் இந்த முறையின் நுட்பம்.

மிதப்பு முடிந்ததும் திரும்பிக் காற்று வரும் பக்கம் போகும்போது, வந்த தடத்தின் மேலேயே இயந்திரத்தை ஓட்டாதீர்கள், அங்கே நிற்கும் மீன் கலைந்துவிடும். பக்கவாட்டில் நன்றாக விலகிச் சுற்றிப் போக வேண்டும். மிதந்து வரும் இன்னொரு படகுக்கு முன்னால் குறுக்கே போவதை அங்கே பெரிய மரியாதைக் குறைவாகக் கருதுவார்கள். கரையில் நின்று எறிபவர்களையும் நெருங்கக்கூடாது.

எந்தத் தண்ணீரில் மிதப்பது என்று கேட்டால், காற்று அலைத் தடங்களைத் தேடச் சொல்வேன். மிதமான காற்றில் நீர்ப்பரப்பின் மேல் நீளமான வழுவழுப்பான பட்டைகள் காற்றின் திசையில் ஓடும். செத்த பூச்சிகளும் பூச்சி உரித்த தோல்களும் அவற்றில் சேரும், மீன் அவற்றின் வழியே காற்றை எதிர்த்து மேய்ந்து வரும். அடுத்து, மர நிழலாலோ மேட்டு நிலத்தாலோ காற்று மறைக்கப்பட்ட அமைதியான நீரும் சிற்றலை நீரும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள். ஹாம்பிள்டன் தீபகற்பம் நடுவில் நிற்பதால் எந்தத் திசைக் காற்றிலும் ஏதோ ஒரு பக்கத்தில் இப்படியொரு கோடு கிடைக்கும். மூன்றாவது, பல மணிநேரம் ஒரே திசையில் வீசிய காற்று போய் மோதும் கரை. மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரும் அதனோடு இரையும் அங்கேதான் ஒதுங்கியிருக்கும்.

ட்ரவுட் எதைத் தின்கிறது என்பதை அறியாமல் ஈயைத் தெரிவு செய்ய முடியாது. மே மாதத்தில் இந்த நீர்த்தேக்கங்களின் பெரிய விருந்து பசர் எனப்படும், கடிக்காத சிறு கொசுவினம். அதன் புழு அடிச்சேற்றில் வாழும். இரத்தச் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் அதன் உடலிலுள்ள ஈமோகுளோபின். பிராணவாயு குறைந்த சேற்றில் உயிர்வாழ அது உதவுகிறது. புழு கூட்டுப்புழுவாகி மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு எழும்பும்போதுதான் ட்ரவுட் அதை ஒவ்வொன்றாக விழுங்கும். எழும்பும் கூட்டுப்புழு வேகமாக நீந்துவதில்லை. ஆகையால் அதைப்போலக் கட்டிய ஒல்லியான கறுப்பு ஈயை நீங்கள் அனேகமாக அசைக்காமலே விட வேண்டும். ஊரில் பாரைக்கு இழுப்பதுபோல வெடுக்கென்று இழுத்தால் பலன் இராது. புதிதாகப் போகும் நம்மவர்கள் பலர் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான்.

இன்னொரு முக்கியமான இரை டாப்னியா என்னும் நீர்த்தெள்ளு. கண்ணுக்கு அரிதாகத் தெரியும் இந்த உயிர் கோடிக்கணக்கில் மேகம்போல மிதக்கும். வெளிச்சம் கூடினால் ஆழத்துக்கு இறங்கும், வானம் மூடினால் மேலே வரும். அதைத் தின்னும் மீனும் அதனுடனேயே ஏறி இறங்கும். காலையில் மேற்பரப்பில் கடித்த மீன் பத்து மணிக்கு வெயில் ஏறியதும் காணாமல் போனால், அது ஏரியை விட்டுப் போகவில்லை, கீழே இறங்கியிருக்கிறது. அப்போது மிதக்கும் நூலைக் கழற்றிவிட்டு மூழ்கும் நூலைப் போட வேண்டும். எறிந்தபின் மனத்துக்குள் எண்ணுங்கள். பத்து எண்ணி இழுங்கள், அடுத்த முறை இருபது, அதற்கடுத்து முப்பது. எந்த எண்ணில் மீன் தொட்டதோ அந்த ஆழத்தை அத்தானிடம் உடனே சொல்லுங்கள். இருவரும் வெவ்வேறு ஆழத்தில் தேடி, ஒருவர் கண்டுபிடித்ததும் மற்றவரும் அதற்கு மாறினால் பாதி நேரம் மிச்சமாகும்.

முதல் மீனைப் பிடித்து, அதை உண்பதற்கு வைத்துக்கொள்வதாக இருந்தால், அதன் இரைப்பையைத் திறந்து பாருங்கள். இதற்கென்றே நீளமான மெல்லிய கரண்டி அங்கே விற்பார்கள். ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு அதில் கலக்கினால், கறுப்புக் கூட்டுப்புழுவா, பச்சையும் பழுப்புமான டாப்னியாக் கூழா, சிறுமீனா என்று தெளிவாகத் தெரியும்.

கருவிகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, அத்தானிடம் எல்லாம் இருக்கும். ஒன்றை மட்டும் விளங்கிக்கொண்டு போங்கள். பண்ணைக் கடலில் நீங்கள் எறியும்போது ஈயக்கட்டியின் பாரந்தான் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே ஈக்குப் பாரம் இல்லை, பாரம் முழுவதும் தடித்த நூலில் இருக்கிறது. அந்த நூல் பின்னால் போய் நேராக விரியும்வரை காத்திருந்துதான் முன்னால் வீச வேண்டும். நூலின் நுனியில் ஐந்து மீற்றர் அளவில் மெல்லிய தங்கூசி, அதில் தொடக்கத்தில் இரண்டு ஈ போதும். முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொட்டு நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த முடிச்சு உரசிச் சூடேறிப் பலம் இழக்கும். ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் ஈயைத் தண்ணீரிலிருந்து எடுக்குமுன் சில விநாடி அப்படியே நிறுத்தி வையுங்கள். பின்தொடர்ந்து வந்த மீன் அந்த இடத்தில்தான் கடிக்கும். மீன் பிடிபட்டதும் ஓடவிடுங்கள், களைத்தபின் அத்தாங்கைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்து மீனை அதன் மேல் கொண்டுவாருங்கள்.

இரண்டு நாளையும் ஒரே மாதிரிச் செலவிட வேண்டாம். சனிக்கிழமையை அறிந்துகொள்ளும் நாளாக வையுங்கள். புறப்படுமுன் படகுத் துறையில் இருப்பவர்களிடம் எந்தப் பகுதியில், எந்த ஆழத்தில் மீன் நிற்கிறது என்று கேளுங்கள், அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள். முற்பகலில் வெவ்வேறு இடங்களில் நீண்ட மிதப்புகள் போய்ப் பாருங்கள். நடுப்பகலில் ஓய்வெடுங்கள். மே மாதக் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது மணி ஆகும், ஆதலால் படகைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் அனுமதிக்கும்வரை மாலையை முழுதாகப் பயன்படுத்துங்கள். காற்று தணிந்து கூட்டுப்புழுக்கள் மேற்பரப்பில் கூடும் அந்த நேரத்துக்கு ஈடாக அந்த நாளில் வேறொரு நேரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, காற்று மாறாமல் இருந்தால் நேற்று மீன் கிடைத்த இடத்துக்கு நேரே போங்கள். மாறியிருந்தால், அதே நிலையை உண்டாக்கக்கூடிய இன்னொரு கரையைத் தேடுங்கள்.

இந்தப் பதிலில் மிகவும் கவனமாக நீங்கள் வாசிக்க வேண்டியது அடுத்த பகுதி. நீங்கள் நன்றாக நீந்துவீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கீரிமலையிலும் காரைநகரிலும் நீந்திய பழக்கம் மே மாத ரட்லண்டில் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பவேண்டாம். நமது கடல் ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ், அந்தத் தண்ணீர் அம்மாதத்தில் 10 முதல் 14 பாகை அளவில் இருக்கும். அதில் திடீரென விழுந்தவுடன் உடல் தன்னை மீறி மூச்சை உள்ளிழுக்கும், முதல் ஓரிரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது. நீந்தத் தெரிந்தவர்களும் மூழ்குவது பெரும்பாலும் இந்த வேளையில்தான். ஆகவே துறையில் தரும் உயிர்காப்பு அங்கியைப் போட்டபடியே இருங்கள், குனிந்து மீன் எடுக்கும்போதுகூடக் கழற்ற வேண்டாம். தவறி விழுந்தால் நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து, மூச்சு அடங்கியபின் படகைப் பிடியுங்கள். படகில் எழுந்து நின்று எறியாதீர்கள். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம் அணியுங்கள், காற்று திரும்பும்போது ஈயின் முள் முகத்துக்கு வரும். இடி முழங்கினால் அந்தக் கணமே தூண்டில் தடியைக் கீழே வைத்துவிட்டுக் கரைக்குப் போங்கள், காபன் தடி மின்னலுக்கு வழிகொடுக்கும். உடுப்பும் நீங்கள் நினைப்பதைவிட ஒன்று கூடுதலாகவே தேவைப்படும்.

துறைக்குத் திரும்பியதும் அத்தாங்கு, ட்ரோக், சப்பாத்து எல்லாவற்றையும் கழுவி நன்றாக உலர்த்தச் சொல்வார்கள். அதை அலட்சியம் செய்யாதீர்கள். 2010இல் கிராஃபமில் ஒரு அந்நிய இறால் வகை கண்டுபிடிக்கப்பட்டது. அங்குள்ள சிற்றுயிர்களைக் கொன்று தின்னும் அது, ஈரமான கருவிகளில் ஒட்டிக்கொண்டு ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகக்கூடியது.

அக்கா மீனை எதிர்பார்த்திருப்பார் என்பதால் சமையலையும் சொல்லிவிடுகிறேன். ட்ரவுட்டின் தசை மென்மையானது. பாரைக்கும் சீலாவுக்கும் வைப்பதுபோல நெடுநேரம் கொதிக்கும் குழம்பில் போட்டால் உடைந்துவிடும். மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் பூசிப் பொரிப்பது நல்லது, இல்லாவிட்டால் பாற்சொதி கொதித்து இறக்கும் தறுவாயில் துண்டுகளை இடலாம். நீர்த்தேக்க மீனில் சிலவேளை சேற்று வாடை இருக்கும். தண்ணீரில் வாழும் சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் அதற்குக் காரணம். அது புளிப்பில் சிதையும் என்பதால் தேசிக்காயோ புளியோ தடவி ஊறவிட்டால் வாடை பெரிதும் குறையும். முள்ளந்தண்டின் கீழே ஓடும் கருஞ்சிவப்பான இரத்தக் கோட்டையும் நகத்தால் சுரண்டிக் கழுவிவிடுங்கள்.

கடைசியாக இரணைமடு. அங்கே ட்ரவுட் வாழாது. வானவில் ட்ரவுட் 20 பாகைக்கு மேல் தவிக்கத் தொடங்கும், 25 பாகையை அண்டும்போது சாகும். வன்னிக் குளங்களின் நீர் வெயில் மாதங்களில் 30 பாகையைத் தொடும். வெப்பம் மட்டும் இதற்குக் காரணமன்று. 10 பாகை நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும், 30 பாகை நீரால் ஏழரை மில்லிகிராம் அளவுதான் முடியும். வெப்பம் ஏற ஏற மீனின் தேவை கூடுகிறது, அதேவேளை தண்ணீர் கொடுக்கக்கூடியது குறைகிறது. இலங்கையில் இந்த மீன் வாழ்வது மலையுச்சியில் மட்டுமே. ஆங்கிலேயர் 1880களில் ட்ரவுட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியாப் பகுதி ஓடைகளில் விட்டார்கள். 2,000 மீற்றருக்கு மேலுள்ள ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் வானவில் ட்ரவுட் நிலைகொண்டது. அது இன்று தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் அங்கே தூண்டில் போட முடியாது.

ஆனால் இரணைமடுவுக்கு ஈத்தூண்டிலைக் கொண்டுபோக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே விரால் இருக்கிறது. செடி ஓரங்களில் மேற்பரப்புக்கு வந்து மூச்செடுத்துப் போகும் அந்த மீன், தவளைபோல மயிரில் கட்டிய பெரிய ஈயைத் தண்ணீரின் மேல் இழுத்தால் பாய்ந்து பிடிக்கும். ட்ரவுட்டுக்குப் பயன்படுத்திய மெல்லிய தங்கூசி அதன் பல்லுக்கும் செடிக்கும் தாங்காது, தடித்ததைக் கட்டுங்கள். குஞ்சுகளைச் சிவந்த திரளாக மேயவிட்டுக் காவல் நிற்கும் விராலைக் கண்டால் அதற்குத் தூண்டில் போடாதீர்கள், தாய் தந்தை போனால் அந்தத் திரள் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். வன்னிக் குளங்களில் முதலை உண்டு என்பதால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்பதும் கூடாது. குளத்தில் தொழில் செய்யும் மீனவர் சங்கத்தாரிடம் முதலில் கேட்டு, அவர்களுடைய வள்ளத்தில் அவர்களுடனேயே போங்கள்.